பின்னால் யாரும் வராத நடை

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு ஞாயிறு பதினோரு வருஷமாக இன்னும் முடிந்தபாடில்லை.

பார்வை இல்லாதவர்களுக்கு உதவுகிற சின்னக் குழு அது. தஞ்சாவூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் மாதம் ஒருமுறை கூடுவோம். தொடங்கியபோது பதினாறு பேர். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு இப்போது நாலு பேர். அதில் இரண்டு பேருக்குச் சர்க்கரை, எனக்கு முட்டி. நான் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு திருவையாறு பக்கம். ஓய்வு பெற்றபின் காலையில் ஏழு மணி வரை தூங்குவேன் என்று கனவு கண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தரைக்கே பஸ் நிறுத்தத்தில் நின்றேன்.

என் வேலை நடை சொல்லிக்கொடுப்பது. வெள்ளைக்கோலை எப்படிப் பிடிப்பது, இரண்டு பக்கமும் எப்படித் தட்டிப் போவது, வீட்டிலிருந்து போகவேண்டிய இடத்துக்கு எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும், எங்கே திரும்புவது, எந்தச் சத்தத்தை அடையாளமாக வைத்துக்கொள்வது. திருச்சியில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். மிச்சத்தை நடந்து நடந்து தெரிந்துகொண்டேன். "புண்ணியம் சேர்க்கிறீங்க" என்று பஸ்ஸில் யாராவது சொன்னால் எனக்கு எரிச்சலாக வரும். புண்ணியம் சேர்வதை நான் பார்த்ததில்லை. முட்டியில் நீர் சேர்வதைத்தான் டாக்டர் படத்தில் காட்டினார்.

இந்த வேலையில் கடைசிப் பாடம் ஒன்று உண்டு. அதைப் பின்நடை என்போம். பாதை பழகியானதும், "இன்றைக்கு நீங்கள் தனியாகப் போங்கள், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்று ஒரு பொய் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பத்தடி தள்ளி, மூச்சுச் சத்தம்கூட வராமல் பின்னால் போக வேண்டும். இடறினாலும் குரல் கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் வாயைத் திறக்கலாம். எத்தனையோ பேருக்குப் பின்னால் அப்படிப் போயிருக்கிறேன். என் உள்ளங்கால் பட்ட பாட்டை யாரும் கேட்டதில்லை.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, மினி பஸ் நின்று திரும்புகிற ஊர் ஒன்றில் ஒருவர் இருக்கிறார், நடை கற்க வேண்டும் என்கிறார் என்று தகவல் வந்தது. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். கூட்டத்தில் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் நான் போனேன்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. சவுதியில் பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது அவருக்குத் தெரியவில்லை. ஓரப்பார்வை முதலில் போனது. பக்கத்தில் வந்த வண்டிகளை இரண்டு முறை உரசிய பிறகுதான் பரிசோதித்தார்களாம். ஊர் திரும்பிய மூன்றாம் வருஷம் மிச்சமும் போய்விட்டது. வீட்டில் அவரும் மனைவியும்தான். மகள் நாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள். அவர் மனைவி என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

நான் டீச்சர் இல்லை என்று அவரிடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் "சரிங்க டீச்சர்" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

"எங்க போவணும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

"பள்ளிவாசலுக்கு. அஞ்சு வேளையும் வேணாம் டீச்சர். அசருக்கு மட்டும் நானாப் போயி நானா வந்தாப் போதும்."

மாலைத் தொழுகைதான் அசர். அந்த நேரத்தில் அவர் அண்ணனுக்குக் கடையில் வியாபாரம், வேறு யாராவது வந்து கூட்டிப் போனால்தான் உண்டு. மற்ற வேளைகளில் அண்ணன் கூட்டிப் போவார். ஆனால் அவர் குறை வேறு.

"அசர் தொழுதுட்டு எல்லாரும் கொஞ்ச நேரம் ஒக்காந்து பேசிக்கிட்டிருப்பாங்க. எனக்கு அதுல ஒக்காரணும். கூட்டிட்டுப் போற ஆளு எந்திரிச்சா நானும் எந்திரிக்க வேண்டியிருக்கு டீச்சர். மூணு வருசமா எனக்கா எந்திரிக்கணும்னு தோணி நான் எந்திரிச்சதே இல்ல."

இதைக் கேட்டபிறகு மூன்று மணி நேர பஸ்ஸைப் பற்றி முணுமுணுக்க எனக்கு வாய் வரவில்லை.

வேற்றுப் பெண்ணின் முழங்கையைப் பிடித்து நடக்க அவருக்குச் சங்கடம். எனக்கும்தான். அதனால் என் குடையை மடக்கி, ஒரு முனையை நானும் மறுமுனையை அவரும் பிடித்துக்கொண்டோம். அந்த வைகாசி வெயிலில் குடையைப் பிரிக்க முடியாமல் இருவரும் காய்ந்ததைப் பார்த்து அவர் மனைவி மறுவாரமே இன்னொரு குடை கொண்டுவந்து என் தலைக்கு மேல் பிடித்தாள்.

பள்ளிவாசலுக்கு இரண்டு வழி. ஒன்று தார் ரோடு. சுற்று, அதோடு வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரும் உப்பு லாரிகள் காது கிழியப் போகும். இன்னொன்று வீட்டுக் கொல்லை வழியாகப் போய் வாய்க்காலில் இறங்கி ஏறினால் எதிரிலேயே பள்ளிவாசல் மதில். ஊரே அப்படித்தான் போனது. சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போனார்கள். கொல்லையிலிருந்து கரை வரை தொண்ணூற்றிரண்டு அடி, இறக்கம் ஏழு, வாய்க்காலின் தரை பதினான்கு, ஏற்றம் ஒன்பது, அப்புறம் மதில் வரை எழுபது.

அந்தக் கோடையில் வாய்க்காலைத் தூர்வாரியிருந்தார்கள். மண் வாரும் இயந்திரம் வேலை செய்ததை வருகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்தேன். தரை பலகை போலச் சமமாக இருந்தது. கல் இல்லை, நாணல் இல்லை, கோல் எதிலும் மாட்டவில்லை. இவருக்காகவே வாரி விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எதற்காக வாரினார்கள் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. "இதுல தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இது கடைமடை டீச்சர். மேட்டூர்ல தொறந்தா ஒங்க ஊருக்கு வரும். எங்களுக்கு நியூஸ்ல வரும்."

அவர் மனைவியும், "கார்த்திகை மழைக்குத்தாங்க்கா இதுல தண்ணியப் பாக்கலாம்" என்றாள்.

எங்கள் பக்கம் கல்லணையில் திறந்தால் படித்துறை நனைவதற்கு அதிக நேரம் ஆகாது. தண்ணீர் வருவது எங்களுக்கு ஒரு செய்தியே இல்லை. அவர்களுக்கோ வராமல் இருப்பது செய்தி இல்லை. பாசனத்தின் கடைசிக் கோடியில், பல வருஷமாகக் குறுவைச் சாகுபடிக்கு ஆற்றுத் தண்ணீரைக் காணாத ஊர். கார்த்திகைக்குள் ரோட்டுப் பாதையையும் பழக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அவர் சீக்கிரம் கற்றார். வண்டி ஓட்டியவருக்குத் திருப்பங்கள் உடம்பிலேயே இருந்தன. ஆனி பிறக்கும்போது பின்நடைக்கு வந்துவிட்டோம். வழக்கமான பொய்யைச் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். அவர் கொல்லையைத் தாண்டினார், நான் பத்தடி பின்னால். பாதி வழியில் எனக்கு இடப்பக்கம் ஏதோ அசைந்தது. திரும்பினால், வேலியோரமாக, செருப்பில்லாமல், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அவர் மனைவி வருகிறாள்.

அவர் பள்ளிவாசலுக்குள் போனபிறகு அவளை நிறுத்திக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"எத்தன நாளா இது?"

"மொத நாள்லேருந்துக்கா. நீங்க இல்லாத நாள்ல அவங்களாப் போயிப் பழகுறாங்கள்ல, அப்பல்லாம் வருவேன். அவங்களுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா என்னத்துக்கு ஆவும்? தனியாப் போறேன்னு அவர் நம்பிக்கிட்டு இருக்கார். நீங்களே அவர நம்பலைன்னா வேற யாரு நம்புவா? நாளையிலேருந்து நீங்க வரக் கூடாது. வீட்டுலயே இருக்கணும்."

"சரிங்கக்கா" என்றாள். பதினோரு வருஷ அனுபவத்தில் இப்படி எத்தனை மனைவிகளை, எத்தனை அம்மாக்களை அதட்டியிருப்பேன். அந்த அதட்டலில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. இப்போது எழுதும்போது கூசுகிறது.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் போகவில்லை. முட்டி வலி என்று போனில் சொன்னேன். முட்டி வலித்தது உண்மைதான். ஆனால் அது எல்லா வாரமும் வலிப்பதுதான். உண்மையான காரணம் அலுப்பு. அவர் ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டார், இரண்டு ஞாயிறு தூங்கலாம் என்று மனம் சொன்னது. தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். அந்த இரண்டாவது ஞாயிறு மாலை படித்துறைப் பக்கம் போனபோது காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அது எங்கே போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

புதன்கிழமை மாலை அவள் கூப்பிட்டாள். "அவங்க வாய்க்கால்ல விழுந்துட்டாங்கக்கா. உசுருக்கு ஒண்ணுமில்ல. கை ஒடஞ்சிருக்கு." அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

நடந்ததை ஞாயிற்றுக்கிழமை போனபோது தெரிந்துகொண்டேன். அந்தப் புதன் மதியத்துக்கு மேல், தூர்வாரிய வாய்க்காலில் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. ஊரே மேலே மதகுக்கு ஓடிவிட்டது. பூ வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டார்களாம். அந்த நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அசர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. அவர் வழக்கம்போலக் கோலை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாகக் கிளம்பினார். தூரத்தில் ஆட்கள் கத்துவது கேட்டது, ஏதோ கல்யாண ஊர்வலம் என்று நினைத்தார். முதல் தண்ணீர் சத்தம் போடாது, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு பூனை மாதிரி வரும். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அதுவும் கேட்கவில்லை. கோல் தண்ணீரைத் தொட்டபோது கால் இறக்கத்தில் இருந்தது. புதுக் களிமண் வழுக்கிவிட்டது.

பின்னாலேயே வந்த தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறிவிட்டது. எழுந்து நின்றுவிட்டார். ஆனால் எந்தக் கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பதினான்கு அடி எண்ணினால் ஏற்றம் வரும் என்று எண்ணிக்கொண்டே நடந்திருக்கிறார், வாய்க்காலின் நீளத்தில். தண்ணீரோடு கூடவே கரையில் வந்த ஆட்கள் பார்த்துக் குதித்துத் தூக்கினார்கள். கோல் எங்கே போனதென்று தெரியவில்லை.

நான் உள்ளே போனபோது அவர் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். "நாங்க நாலு பேரு இருக்கோம்ல. இனிமே அவன் எங்கயும் தனியாப் போவ வேணாம். ஒங்களுக்கும் எதுக்குச் சிரமம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். உண்மையைச் சொல்வதென்றால், அந்த நொடியில் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. இனி இந்த பஸ்ஸில் ஏற வேண்டாம் என்ற நிம்மதி. அது வந்ததற்காக என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அண்ணன் கடைக்குப் போனார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றாள். நானே கேட்டேன், "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"அடுப்படியிலக்கா. வாசல்ல நின்னா கால் தானாப் போவுது. அதான் நீங்க சொன்னதுலேருந்து அசர் நேரத்துல அடுப்படியிலயே ஒக்காந்துக்குவேன்."

குற்றம் சாட்டும் தொனியே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் டீயைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது என்று அவர்கள் இருவரிடமும் வாய்விட்டுச் சொன்னேன். பாதையைத் தேர்ந்தெடுத்தது நான், அவளைத் தடுத்தது நான், இரண்டு வாரம் வராமல் இருந்ததும் நான்.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

"இவ பின்னாடி வர்றது எனக்கு மொதல்லேருந்தே தெரியும் டீச்சர். வளையல் போட்டிருக்கா, கையப் பொத்திக்கிட்டு வந்தாலும் கேக்கும். சொன்னா வருத்தப்படுவாளேன்னு சொல்லல. நீங்க வந்த அன்னைக்கும் தெரியும். நீங்க மூச்சப் புடிச்சுக்கிட்டு வர்றீங்க, மேட்டுல விட்டுர்றீங்க."

பதினோரு வருஷமாக யாருக்கும் தெரியாது என்று நான் நம்பியிருந்த வித்தை. எத்தனை பேர் எனக்காகத் தெரியாதது போல நடந்தார்களோ.

"அதுக்கப்புறம் ஒரு நாள்லேருந்து பின்னாடி யாருமில்ல," என்றார் அவர். "மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் நல்லா இருந்துச்சு. ரெண்டு வாரம் பள்ளிவாசல்ல எனக்கா ஒக்காந்து, எனக்கா எந்திரிச்சு வந்தேன். அண்ணன் சொல்றத விடுங்க. கையி சரியாவட்டும், ரோட்டுல எத்தன அடின்னு எண்ணி வைங்க."

அவளைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணினேன். அன்றைக்கே எண்ணினேன். அறுநூற்று நாற்பது அடி. நடுவில் ஒரு மாவு மில்லின் இரைச்சல், ஒரு டீக்கடை, அப்புறம் கோல் தட்டினால் வேறு மாதிரி ஒலிக்கிற பாலம். பாலத்துக்குக் கீழே அந்த வாய்க்கால் கரையோடு கரையாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் உழவு நடந்தது. ஊரே சந்தோஷமாக இருந்த நாட்களில் நான் மட்டும் அந்தத் தண்ணீரை வெறுப்போடு பார்த்தேன்.

ஆடி முடிந்து கட்டுப் பிரித்தார்கள். ஆவணி முழுக்க ரோட்டில் நடந்தோம். புதுக் கோல், பழைய குடை. அண்ணன் என்னோடு பேசவில்லை. ஆனால் இரண்டாவது வாரம் போனபோது, ரோட்டோரத்தில் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்த கருவேலங்கிளைகளை யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள். இடுப்புக்கு மேலே இருப்பதைக் கோல் சொல்லாது. அதை யோசித்துச் செய்தவர் யார் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசி ஞாயிறு. அவர் சட்டைப் பையில் பட்டன் போன். பள்ளிவாசல் படியைத் தொட்டதும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. அசர் பாங்கு கேட்டது. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. "நாங்க ரெண்டு பேரும் இங்கதான் ஒக்காந்திருக்கோம்" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் ரோட்டில் இறங்கினார்.

வளைவு வரைக்கும் தெரிந்தார். அப்புறம் மறைந்துவிட்டார். அவள் என்னிடம், "நான் போவட்டுமா, வேணாமா? நீங்க சொல்லுங்கக்கா" என்று கேட்டாள். பதினோரு வருஷமாக இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லி வந்தவள் நான். "எனக்குத் தெரியலம்மா" என்றேன். அதுதான் உண்மை.

அவள் போகவில்லை. வாசல் தூணில் சாய்ந்து நின்றாள். நான் படியில் உட்கார்ந்து அவர் வேகத்துக்கு மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். அவள் உதடும் அசைந்துகொண்டிருந்தது. முந்நூறில் ஒரு உப்பு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. இருவரும் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஐந்நூறு, பாலம். அறுநூறு. அறுநூற்று நாற்பது. போன் அடிக்கவில்லை. அறுநூற்று அறுபது, எழுபது. எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினேன், முட்டி மறுத்தது.

எழுநூற்றுப் பன்னிரண்டில் போன் ஒருமுறை அடித்து நின்றது.

அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது, செருப்பு இரண்டும் அவள் கையில் இருந்தன. அப்போதுதான் குனிந்து அவற்றைக் கீழே வைத்தாள்.